கைப்பேசியில் தெரியும் எண்ணை நம்பலாமா?

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கிளாவரை ஆகிய ஊர்களில் மலைப்பூண்டு முக்கியப் பணப்பயிர். புவிசார் குறியீடு பெற்ற இப்பூண்டு, வடுகபட்டி சந்தையில் விற்பனையாகிறது. அடுத்த போகத்தின் விதைப்பூண்டு, உரம், கூலி எல்லாவற்றுக்கும் இந்தப் பணமே ஆதாரம். அது வங்கிக் கணக்கில் இருக்கும்போது ஒரே ஒரு பொய் அழைப்பால் பறிபோகக்கூடும்.

மேல்மலையின் கடைக்கோடியில் உள்ள கிளாவரையிலிருந்து வங்கிக்குப் போய் விசாரித்து வர ஒரு நாள் வேலை கெடும். ஆகவே பல காரியங்களைக் கைப்பேசியிலேயே முடிக்க வேண்டியிருக்கிறது. மோசடிக்காரர்களுக்கும் இதுவே வசதி. "பி.எம். கிசான் தவணை நிற்கப் போகிறது, உடனே ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்துவார்கள். திரையில் தெரிவதோ நம் நாட்டு எண்ணாக இருக்கும்.

எண் எப்படிப் பொய்யாகிறது?

அழைப்பு புறப்படும் இடத்திலிருந்தே அழைப்பவரின் எண்ணும் உடன் அனுப்பப்படுகிறது. சிம் கார்டு மூலம் பேசினால் தொலைபேசி நிறுவனமே அந்த எண்ணை இடும். இணையம் வழியாக வெளிநாட்டிலிருந்து பேசுவோர் சிலர் தாங்கள் விரும்பிய எண்ணை இட்டு அனுப்பிவிடுகிறார்கள். இது பூண்டு மூட்டையின் மேல் மையால் பெயர் எழுதுவது போன்றது. யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் எழுதலாம் அல்லவா?

சரிபார்க்கும் முறைகள்

வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பில் இந்தியக் கைப்பேசி எண் காணப்பட்டால், அந்த எண்ணுக்குரியவர் உண்மையில் வெளிநாடு சென்றிருக்கிறாரா என்று பார்க்கப்படுகிறது. செல்லவில்லை என்றால் அழைப்பு துண்டிக்கப்படும். மத்திய அரசு இந்த ஏற்பாட்டை 2024 அக்டோபர் 22-ல் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 1.35 கோடி பொய் அழைப்புகள் தடுக்கப்பட்டன.

அமெரிக்காவில் 2021 முதல் வேறொரு முறை நடைமுறையில் உள்ளது. அழைப்பை அனுப்பும் நிறுவனம் 'இந்த எண் இவருடையதே' என்று மின்னணு முத்திரை இட்டு அனுப்பும். பெறும் நிறுவனம் முத்திரையைச் சரிபார்க்கும்.

நம் நாட்டில், சிம் வாங்கும்போது கொடுத்த பெயரை எண்ணுடன் சேர்த்துக் காட்டும் வசதி 4ஜி, 5ஜி இணைப்புகளுக்குப் படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. மேலும், வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கென்று 1600 எனத் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. வணிக வங்கிகள் 2026 ஜனவரி 1-க்குள் இவ்வெண்களுக்கு மாற வேண்டும் என டிராய் உத்தரவிட்டது. எனவே சாதாரணப் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து "வங்கி மேலாளர் பேசுகிறேன்" என்றால் சந்தேகம் கொள்வதே சரி.

முத்திரை மட்டும் போதாது

மூட்டையின் முத்திரை, சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லும். உள்ளே இருப்பது நல்ல பூண்டா, அழுகல் பூண்டா என்று சொல்லாது. எண் சரிபார்ப்பும் அப்படியே. அப்பாவி ஒருவர் பெயரில் வாங்கிய சிம்மிலிருந்து மோசடிக்காரன் பேசினால் எண்ணும் சரியாக இருக்கும், பெயரும் சரியாக இருக்கும். பேச்சு மட்டுமே பொய்யாக இருக்கும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. பணம், கணக்கு, ஆதார் பற்றி அழைப்பு வந்தால் பதில் சொல்லாமல் துண்டித்துவிடவும். பிறகு வங்கிப் புத்தகத்தில் அச்சிட்டுள்ள எண்ணை நீங்களே அழுத்திப் பேசவும். வரும் அழைப்பின் எண்ணைத்தான் பொய்யாக்க முடியும். நீங்கள் அழைத்தால் அந்த எண்ணுக்கு உரியவரிடமே போய்ச் சேரும். அழைத்தவர் கொடுக்கும் வேறு எண்ணுக்குப் பேச வேண்டாம்.

2. பி.எம். கிசான் பற்றிய ஐயங்களுக்கு 155261 என்ற எண்ணில் கேட்கலாம்.

3. ஓ.டி.பி., ஏ.டி.எம். ரகசிய எண் ஆகியவற்றை யாரிடமும் சொல்லக் கூடாது. வங்கி இவற்றைக் கேட்பதில்லை.

4. வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்புகளைத் திறக்க வேண்டாம். 'பி.எம். கிசான்' என்று பெயர் போட்டே போலிச் செயலிகள் வருகின்றன.

5. பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930-க்குத் தெரிவிக்கவும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால் முடக்கிவைக்க வழியுண்டு. பணம் போகாவிட்டாலும், சந்தேகத்துக்குரிய அழைப்பை 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் பதிவு செய்யலாம்.

வீட்டில் ஒரு அட்டையில் வங்கி எண், 155261, 1930 ஆகியவற்றைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தால் முதியவர்களுக்கும் உதவும். உண்மையான அதிகாரி, நீங்கள் விசாரித்துவிட்டுப் பேசும்வரை காத்திருப்பார். காத்திருக்க முடியாது என்பவருக்கு ஒரு பைசாகூடக் கொடுக்க வேண்டாம்.