அண்ணாமலையார் யாருக்குத் திதி கொடுக்கிறார்?

மாசி மகத்தன்று திருவண்ணாமலை அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்குக் கிளம்பிவிடுவார். சாமிக்கு அங்கே என்ன வேலை? அப்பாவுக்குத் திதி கொடுக்கணும்!

அந்த ‘அப்பா’, போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளன். 1311-ல் மாலிக் கபூர் படை துவாரசமுத்திரத்தை முற்றுகையிட்டதிலிருந்தே அவரது ராஜ்ஜியம் ஆட்டம் கண்டது. பிற்காலத்தில் திருவண்ணாமலையே அவருக்குத் தலைநகர் மாதிரி ஆனது. 1340-களில் மதுரை சுல்தானோடு போர். அப்போது வல்லாளனுக்கு 80 வயது என்கிறார் இப்னு பதூதா. அவரைப் பிடித்துக் கொன்று, தோலில் வைக்கோல் திணித்து மதுரைச் சுவரில் தொங்கவிட்டதையும் அவர்தான் எழுதிவைத்திருக்கிறார்.

பிள்ளையில்லாத ராஜாவுக்கு ஈசனே மகனாக வந்தார் என்பது ஊர் நம்பிக்கை. தைப்பூசத்தன்று ஈசான்ய குளத்தில் தீர்த்தவாரி முடிந்து திரும்பும் வழியில் சாவுச் செய்தி சொல்வார்கள். மேளதாளம் நின்றுவிடும். சத்தமே இல்லாமல் சாமி கோயிலுக்குத் திரும்புவார். அடுத்த மாதம்தான் திதி.

யோஜி யமடாவின் ‘தி ட்விலைட் சாமுராய்’ (2002) பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சாமுராய்களின் காலமே முடியும்போது போரில் சாகும் ஏழை வீரன். கடைசியில் அவன் கல்லறைக்கு வருபவள் வயதாகிவிட்ட மகள். ஊர்க் கதைப்படி வல்லாளனுக்கு அப்படி வர ஒரு மகள்கூட இல்லை. கோயிலுக்குள் வல்லாள கோபுரத்தில் அவர் சிலை இருக்கு. கிரிவலம் போறவங்க பலர் கவனிக்காமலே தாண்டிடறாங்க.