கரிமூட்டமும் வெப்பச் சிதைவும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களில் உழவு கைவிடப்பட்ட கரிசல் தரிசுகளிலும் கண்மாய்களிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. இம்மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவது, மழை பொய்த்த ஆண்டுகளிலும் இப்பகுதியினருக்கு வருவாய் தரும் தொழிலாகும். கைப்பழக்கமாக வழங்கிவரும் இத்தொழிலின் வேதியியலையும், அதில் இழக்கப்படும் ஆற்றலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

காற்று தாராளமாகக் கிடைத்தால் விறகு எரிந்து சாம்பலாகும். காற்றைத் தடுத்து வெப்பத்தை மட்டும் ஊட்டினால் அதன் மூலக்கூறுகள் உடைந்து கரி, ஆவி, வளிமம் எனப் பிரியும். இதுவே வெப்பச் சிதைவு. அடுக்கிய விறகைத் தழையாலும் வைக்கோலாலும் போர்த்தி, அதன்மேல் மண்ணிட்டு மூடுவது இதன்பொருட்டே. ‘மூட்டம்’ என்னும் சொல் தீ மூட்டுதலையும், மேகமூட்டம் என்பதிலுள்ள கவிந்து மூடுதலையும் ஒருங்கே நினைவூட்டுவது கருதத்தக்கது. தொழில்நுட்பம் முழுவதும் இவ்விரு பொருள்களுக்குள் அடங்கிவிடுகிறது.

மூட்டத்தினுள் முதலில் விறகின் ஈரம் வெளியேறும். அப்போது எழும் புகை அடர்ந்த வெண்மையாக இருக்கும். பின்னர் ஏறத்தாழ 220 முதல் 315 பாகை செல்சியஸ் வரை ஹெமிசெல்லுலோஸும், 315 முதல் 400 பாகை வரை செல்லுலோஸும் சிதைகின்றன. லிக்னின் அகன்ற வெப்பநிலை எல்லையில் மெல்லச் சிதைந்து கரியின் பெரும்பகுதியைத் தருகிறது. புகை மெலிந்து நீலம் பாரித்ததும் துளைகளை அடைத்து மூட்டத்தை ஆறவிடுவர். வெப்பமானியின்றிப் புகையின் நிறத்தையே அளவுகோலாகக் கொள்ளும் இவ்வறிவு தொழிற்கலை ஆய்வாளர்களின் கவனத்திற்குரியது.

எனினும் அப்புகையிலேயே இழப்பும் உள்ளது. நன்கு உலர்ந்த ஒரு டன் விறகில் ஏறத்தாழ 18,000 மெகாஜூல் ஆற்றல் உண்டு. மண்மூட்டத்தில் 200 முதல் 250 கிலோ கரி கிடைப்பதாகவும், கிலோவுக்கு 29 மெகாஜூல் எனவும் கொண்டால், கரியில் தங்குவது 5,800 முதல் 7,250 மெகாஜூல் வரையே. அதாவது மூலவிறகின் ஆற்றலில் 32 முதல் 40 விழுக்காடு. எஞ்சியதில் ஒரு பகுதி சிதைவை நடத்தும் வெப்பமாகச் செலவாகிறது. மற்றது தாராகவும் கார்பன் மோனாக்சைடாகவும் மீத்தேனாகவும் வெளியேறி, மூட்டம் காப்போரின் நுரையீரலுக்குள்ளும் செல்கிறது. மூடிய உலையில் இவ்வளிமங்களைத் திருப்பி எரித்தால் அவையே சிதைவுக்கு வேண்டிய வெப்பத்தைத் தரும். கரியும் 30 விழுக்காட்டை எட்டக்கூடும். ஆயினும் மண்மூட்டத்திற்கு முதலீடு வேண்டியதில்லை; மரம் உள்ள இடத்திலேயே அதனைப் போடலாம். அது நீடிப்பதை அறியாமை எனக் கருதுவது பொருந்தாது.

அயல் ஊடுருவும் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. அகற்றும் காலத்தில் விறகும் தூரும் மிகுதியாகக் கிடைக்கும், பின்னர் குறையும். ஆகவே விறகுக்கென்றே அமைக்கப்படும் உலை சில ஆண்டுகளில் வெறுமையாக நிற்க நேரிடும். ஆண்டுதோறும் கிடைப்பது பருத்திமார். அதன் மெல்லிய குச்சிகள் மண்மூட்டத்தில் எளிதில் சாம்பலாகிவிடும். மூடிய கலனில் கரியாகும். அக்கரித்தூளைப் பசைப்பொருளுடன் அழுத்திக் கட்டியாக்கலாம். இவ்வட்டாரத்திற்கான உலையை வடிவமைப்போர் விறகோடு பருத்திமாரையும் ஏற்கும் கலனையே தேர்தல் வேண்டும்.