பரங்கிக்காயை முற்றவிட்டுப் பறியுங்கள், சுட்டு உண்ணுங்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்தையும் கிணற்றையும் நம்பி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று காய்கறி பயிரிடும் சிறு விவசாயிகள் இன்னும் பலர் உள்ளனர். இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலைக்கு 1996-ல் அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து இப்பகுதியின் நிலவரம் வேகமாக மாறிவிட்டது. வீட்டுப் பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போகின்றனர். களை எடுக்கவும் காய் பறிக்கவும் ஆள் கிடைப்பது அரிது. தினமும் பறித்தாக வேண்டிய வெண்டை, கத்தரி போன்ற பயிர்கள் இதனால் சுமையாகி விடுகின்றன. ஓரிரு முறை பறித்தால் போதும் என்ற வகையில் பரங்கிக்காய் இவர்களுக்கு ஏற்ற பயிராகும்.

ஆனால் பரங்கி பயிரிட்டவர்களிடம் ஒரு குறையைத் தொடர்ந்து கேட்கிறோம். "விலையே இல்லை, வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன்" என்பதே அது. இதற்குச் சந்தை ஒரு காரணம். காயைப் பிஞ்சுப் பதத்தில் பறித்து, பறித்த அன்றே விற்பது மற்றொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை மாற்றுவது நம் கையில் உள்ளது. முற்றிய காய்க்கும் முற்றாத காய்க்கும் உள்ள வேறுபாட்டை அடுப்படியிலேயே தெரிந்து கொள்ள ஓர் எளிய உணவு உதவும். அதுவே சுட்ட பரங்கிக்காய்க் கலவை.

குளிர்காலப் பரங்கி

பரங்கி அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகெங்கும் பரவிய பயிர். கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்றும் சென்னையில் மஞ்சள் பூசணி என்றும் இதைச் சொல்வர். ஆயுத பூசையன்று தொழிற்சாலை வாசலில் உடைக்கும் சாம்பல் பூசணி வேறு இனம். அது இதற்கு உதவாது.

குளிர் நாடுகளில் இவ்வினத்தை 'குளிர்காலப் பரங்கி' என்பர். அது குளிர்காலத்தில் விளைவதால் வந்த பெயர் என்று பலரும் நினைக்கின்றனர். உண்மையில் கோடையில் வளர்த்து, இலையுதிர் காலத்தில் முற்றவிட்டுப் பறித்து, காய்கறி கிடைக்காத குளிர்கால மாதங்களுக்காகக் காத்து வைப்பதால் வந்த பெயர் அது. துண்டுகளாக்கி அடுப்பில் சுட்டு, சூடு ஆறுமுன் பயறு, வெங்காயம், கீரை வகைகளுடன் கலந்து உண்பது அந்நாட்டு வழக்கம். நம் கோசுமல்லியைப் போன்றதே இதுவும். சூடாகப் பரிமாறப்படுவது ஒன்றே வேறுபாடு.

தேவையான பொருட்கள் (4 அல்லது 5 பேருக்கு)

நன்கு முற்றிய பரங்கிக்காய், தோலும் விதையும் நீக்கியது – 1 கிலோ
காராமணி – 100 கிராம்
சின்ன வெங்காயம் – 100 கிராம்
வறுத்த வேர்க்கடலை – 50 கிராம்
கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் – 3 மேசைக்கரண்டி
பூண்டு – 4 பல்
எலுமிச்சம்பழம் – 1
மிளகுத்தூள் – 1 தேக்கரண்டி
சீரகத்தூள் – அரைத் தேக்கரண்டி
கொத்தமல்லி, புதினா – ஒரு கைப்பிடி
உப்பு – தேவைக்கேற்ப

செய்முறை

காராமணியை இரவே ஊறவைத்து, மறுநாள் குழையாமல் வேகவைத்து நீரை வடித்துக் கொள்ளவும். பரங்கிக்காயை ஓர் அங்குலக் கனமுள்ள துண்டுகளாக நறுக்கித் துணியால் ஈரம் ஒற்றி எடுக்கவும். துண்டுகளில் எண்ணெயையும் நசுக்கிய பூண்டையும் பிசறி வைக்கவும். இப்போது உப்பிடக் கூடாது. உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். பின்னர் காய் சுடுபடாது, வெந்துவிடும்.

கனமான இரும்புத் தோசைக்கல்லை நன்கு காயவைத்து, துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று விழாமல் ஒரே அடுக்காகப் பரப்பவும். ஒரு கிலோவை இரண்டு மூன்று தடவையாகச் சுடுவதே சரி. தீயை நடுத்தரமாக வைத்து முதல் 5 நிமிடம் மூடியிடலாம். பிறகு மூடியை எடுத்துவிட்டு, நான்கைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் திருப்பிப் போட்டு, மேலும் 12 முதல் 15 நிமிடம் சுடவும். ஓரங்கள் செந்நிறமாகி, கத்தி முனை தடையின்றி உள்ளே இறங்கினால் பதம் வந்துவிட்டது.

சுட்ட துண்டுகளை அகன்ற பாத்திரத்தில் கொட்டி, சூடாக இருக்கும்போதே மெல்லியதாக அரிந்த வெங்காயத்தைச் சேர்க்கவும். அந்தச் சூட்டில் வெங்காயத்தின் காரம் தணியும். பின் காராமணி, உப்பு, மிளகு, சீரகம் சேர்த்துக் குலுக்கவும். எலுமிச்சைச் சாறு, தழைகள், வேர்க்கடலை ஆகியவற்றைக் கடைசியில் சேர்க்கவும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே சோற்றுடனோ கேழ்வரகு அடையுடனோ உண்ணலாம். பரங்கி விதையைக் கழுவி உலர்த்தி, வறுத்து, ஓடு நீக்கிப் பருப்பை மேலே தூவினால் சுவை கூடும்.

உணவு விடுதிகளில் சூட்டடுப்பு இருந்தால் 200 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் தயாராகும். அங்கும் தட்டில் நெருக்கி அடுக்கக் கூடாது.

சுடும்போது நடப்பது என்ன?

பரங்கிக்காயில் பெரும் பங்கு நீர். அந்த நீர் வெளியேறும் வரை துண்டின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. மேற்பரப்பு உலர்ந்த பிறகே சூடு ஏறி, சர்க்கரையும் புரதமும் சேர்ந்து செந்நிறமும் மணமும் உண்டாகின்றன. முற்றாத காயில் நீர் மிகுதி. மாவுச்சத்தும் சர்க்கரையும் குறைவு. ஆகவே அது கல்லில் நீரைக் கக்கிக் குழைந்துவிடும்.

காய்க்கு மஞ்சள் நிறம் தருவது கரோட்டின். இதை நம் உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக் கொள்கிறது. மாலைக்கண் நோயைத் தடுப்பது இந்த வைட்டமினே. கரோட்டின் கொழுப்பில் கரைவதாகையால் எண்ணெயும் வேர்க்கடலையும் உடனிருப்பது உடலில் சேர உதவும். காய் முற்ற முற்ற, சதையின் மஞ்சள் நிறம் ஆழ்ந்து கரோட்டினும் கூடுகிறது.

ஒரகடத்தை அடுத்த ஒரு கிராமத்தில் மகளிர் கூட்டமொன்றில் இதைச் செய்து காட்டினோம். வியாபாரியின் வண்டி வந்துவிட்டதென்று அவசரமாகப் பறித்த காய் ஒன்று. அதே வயலில் கொடி வாடும் வரை விட்டுப் பறித்து, ஒரு மாதம் கூரை நிழலில் வைத்திருந்த காய் மற்றொன்று. இரண்டும் ஒரே கல்லில் சுடப்பட்டன. முதலாவது கல் முழுவதும் நீர் விட்டது. இரண்டாவது சிவந்து இனித்தது. அந்த வயலுக்குச் சொந்தக்காரரான பெரியவர் இரண்டையும் தின்று பார்த்துவிட்டு, "அப்போ இத்தினி வருசமா தண்ணியைத்தான் வித்துக்கினு இருந்தேனா, ஐயா?" என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் சரியான கேள்வி.

முற்றிய காயை அறிவது எப்படி?

காய் சில வாரங்களிலேயே முழுப் பருமனை எட்டிவிடும். பருமனைப் பார்த்துப் பறிப்பதே தவறுக்குக் காரணம். கீழ்க்கண்ட அடையாளங்களைக் கவனிக்கவும்.

1. காம்பு பச்சை நிறம் மாறி, காய்ந்து கட்டை போலாகும்.
2. தோலின் பளபளப்பு மங்கும்.
3. நகத்தால் அழுத்தினால் தோலில் தடம் பதியாது.
4. தரையைத் தொட்டிருந்த பகுதி வெளிறிய நிறத்திலிருந்து மஞ்சளாகும்.

பறிக்கும்போது இரண்டு அங்குலக் காம்பு விட்டுக் கத்தியால் அறுக்கவும். காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. காம்பு ஒடிந்த இடத்திலும் கீறல் பட்ட இடத்திலும்தான் அழுகல் தொடங்கும். அத்தகைய காய்களை முதலில் விற்றுவிடவும்.

சேமிக்கும் முறை

பறித்த காய்களை நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைக்கோல் பரப்பி, பத்து நாள் வைக்கவும். இதில் தோல் கெட்டிப்பட்டுச் சிறு காயங்கள் ஆறும். நம் சித்திரை, வைகாசி வெயிலில் நேரடியாகக் காயவைத்தால் தோல் வெந்து கெடும். பிறகு மூங்கில் பரணிலோ பலகையிலோ ஒன்றையொன்று தொடாமல் ஒரே வரிசையாக அடுக்கவும். கழுவ வேண்டாம். சிமெண்டுத் தரையில் நேராக வைக்கவும் வேண்டாம். வாரம் ஒரு முறை பார்த்து, மிருதுவான காயை உடனே அகற்றவும்.

இக்காயைச் சேமிக்க 10 முதல் 15 டிகிரி வெப்பம் மிகச் சிறந்தது. அதற்கும் குறைந்த குளிர் இக்காய்க்கு ஆகாது. முழுக் காயைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. நம் வீடுகள் இதைவிட வெப்பமானவை என்பதால் குளிர் நாடுகளைப் போல் பல மாதம் எதிர்பார்க்காமல் இரண்டு மாதத்தை இலக்காகக் கொள்ளலாம். இக்காலத்தில் காயின் மாவுச்சத்து சிறிது சிறிதாகச் சர்க்கரையாக மாறுவதால் சுவையும் கூடும்.

காத்திருப்பது கட்டுமா?

எடை சிறிது குறையும். சில காய்கள் அழுகும். ஆகவே கணக்குப் பார்த்தே காத்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 500 கிலோ காயைக் கிலோ 10 ரூபாய்க்கு இன்றே விற்றால் 5,000 ரூபாய். 45 நாள் வைத்திருந்து, நூற்றுக்கு 15 பங்கு குறைந்தால் மீதி 425 கிலோ. கிலோவுக்கு 12 ரூபாய் கிடைத்தால்தான் போட்டதற்குச் சமம். 16 ரூபாய் கிடைத்தால் 6,800 ரூபாய், அதாவது 1,800 ரூபாய் கூடுதல். இவை விளக்கத்துக்காகச் சொன்ன எண்கள். உங்கள் சந்தை விலையை வைத்து இப்படியே போட்டுப் பாருங்கள். அறுவடை நேரத்தில் விலை நன்றாக இருந்தால் விற்றுவிடுவதே நல்லது. விலை சரிந்திருந்தால் குறைபாடுள்ள காய்களை விற்று, நல்ல காய்களில் பாதியை நிறுத்தி வைக்கலாம்.

வாங்குவோர் தொலைவில் இல்லை. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர் தங்க இடமுண்டு. வாடகை அறைகளில் வட மாநிலத் தொழிலாளர்களும் மிகுதியாக உள்ளனர். பரங்கி அவர்களுக்குப் பழக்கமான காய்; ஒடிசாவின் டால்மா என்னும் பருப்புக் குழம்பில் இது வழக்கமாகச் சேர்வது. ஆனால் நான்கு பேர் தங்கும் அறைக்கு 8 கிலோ காய் எதற்கு? அவர்களுக்குச் சிறு காயும் உணவு விடுதிகளுக்குப் பெரிய காயும் ஏற்றவை.

இரகமும் பருவமும்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக இரகங்களில் கோ 1 காய் 7 முதல் 8 கிலோ எடையுள்ளது; வயது 175 நாள். கோ 2 காய் ஒன்றரை முதல் 2 கிலோ. சதை ஆரஞ்சு நிறம். வயது 135 நாள். சில்லறை விற்பனைக்குக் கோ 2 ஏற்றது.

பரங்கிக்கு ஆனி–ஆடி, மார்கழி–தை என இரு பருவங்கள் உண்டு. ஆனியில் விதைத்த காய் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முற்றும். நீர் தேங்கும் ஏரிக் கீழ் நிலங்களில் இது ஆபத்தாகும். 2015 வெள்ளத்தைக் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேமித்து விற்க நினைப்போர் மழை ஓய்ந்தபின் தை முதலில் விதைத்தால் வைகாசியில் உலர்ந்த நிலத்தில் அறுவடை செய்யலாம்.

ஏக்கருக்கு 400 கிராம் விதை போதும். 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் குழி எடுத்து, குழிக்கு 10 கிலோ தொழு உரமும் 6:12:12 கலப்பு உரம் 100 கிராமும் அடியுரமாக இடவும். குழிக்கு 5 விதை ஊன்றி, 15 நாளில் நல்ல நாற்று இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் களையவும். 30-ஆம் நாள் குழிக்கு 22 கிராம் யூரியா மேலுரமாக இடவும். பூக்கள் விடியலில் மலர்ந்து முற்பகலில் மூடிவிடும். தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். எனவே காலை நேரத்தில் மருந்து தெளிக்கக் கூடாது. கந்தகத் தூளும் தாமிரத் தூளும் கொடியைக் கருக்கும். பழ ஈ தாக்கிய பிஞ்சுகளைப் பொறுக்கி ஆழப் புதைக்கவும். காய்க்கு அடியில் வைக்கோல் இடவும்.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, காய் கசந்தால் ஒரு துண்டும் உண்ணக் கூடாது. அக்கசப்பு வயிற்றுக்கு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. கசந்த காயின் விதையையும் எடுத்து வைக்க வேண்டாம்.

இரண்டாவது, முழுக் காய் வாரக்கணக்கில் இருக்கும். வெட்டிய காய் இராது. வெட்டிய துண்டை மூடிக் குளிரில் வைத்து ஓரிரு நாளில் பயன்படுத்த வேண்டும். சுட்ட கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும். 2021 டிசம்பரில் இப்பகுதிப் பெண் தொழிலாளர் விடுதியொன்றில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். நம் காயை உண்பவர்களில் நம் வீட்டுப் பெண்களும் இருப்பார்கள். வெட்டி விற்க விரும்புவோர் சுத்தமான இடம், நல்ல நீர் ஆகியவற்றுடன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்து கொள்ள வேண்டும்.

இந்த ஆண்டு உங்கள் கொடியில் இரண்டு காயையாவது காம்பு கட்டையாகும் வரை விட்டுவையுங்கள். ஒரு மாதம் நிழலில் வைத்து, வீட்டுக் கல்லில் சுட்டுப் பாருங்கள். அடுத்த ஆண்டு எத்தனை காயைக் காத்து வைப்பது என்று பிறகு நீங்களே முடிவு செய்யலாம். இரகம், விதை பற்றிய விவரங்களுக்கு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையோ காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகிப் பயன் பெறலாம்.