ஒதுங்க ஓர் இடம் - 9: கிணற்றுக்குள் ஏறும் கடல்

கிரிபாட்டி நாட்டின் தலைநகரான தெற்கு தராவாவில் ஜனங்கள் ஏன் இன்னமும் கடற்கரைக்கு ஒதுங்கப் போகிறார்கள் என்ற கேள்வியோடு போன வாரம் நிறுத்தினோம். காயலை ஒட்டிக் கிடக்கும் பவளத்திட்டும் அதன்மேல் ஓடும் ஒற்றைச் சாலையுமே தராவா. வடக்கு தராவா கிராமங்களின் கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்கு முன்னால் அந்தத் தீவின் மண்ணுக்கு அடியில் கிடக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது புரியாமல் அங்கே கழிப்பறையைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது.

தராவாவில் ஆறு கிடையாது, ஓடை கிடையாது. கடல் மட்டத்துக்கு மேல் மூன்று மீட்டர் உயர்ந்த தரையே அபூர்வம். பல இடங்களில் சாலையில் நின்றால் ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் காயல். இத்தனை ஒல்லியான மணல் திட்டில் ஆளுயரம் தோண்டினால் நல்ல தண்ணீர் வருகிறது. தனுஷ்கோடி மணலில் மீனவர் வீட்டுப் பெண்கள் கையால் ஊற்று தோண்டி அகப்பையில் மொண்டு குடம் நிரப்புவார்களே, அதே விந்தைதான் இங்கேயும். பெய்த மழை மணலில் இறங்குகிறது. அடியில் ஏற்கெனவே கடல்நீர் நிற்கிறது. உப்புநீர் கனம், மழைநீர் லேசு. அதனால் மழைநீர் அதன்மேல் மிதக்கிறது. தீவின் நடுவில் தடித்து, இரண்டு கரைகளிலும் மெலிந்து, ஒரு லென்ஸ் போலக் கிடக்கிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. டச்சு நாட்டின் படோன் கைபன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901-லும் தனித்தனியே அதைக் கண்டு எழுதினார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு பங்கு நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது பங்கு இருக்கும். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து உறிஞ்சி மேல்மட்டத்தை ஒரு சாண் இறக்கினால், அடியிலிருந்து உப்பு நாற்பது சாண் ஏறிவர வழி திறக்கிறது. தராவாவில் தண்ணீர் எடுப்பவர்கள் இதைத் தெரிந்தே எடுக்கிறார்கள். தராவாவின் பொன்ரிக்கி என்ற இடத்தில் ஆழ்குழாய் இறக்குவதில்லை. துளையிட்ட குழாய்களை நீர்மட்டத்தை ஒட்டிப் படுக்கையாகப் பதித்து, பாலாடையை வழிப்பதுபோல் தண்ணீரை எடுக்கிறார்கள்.

என்னை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் விஷயம் வேறு. அங்கே கிணற்று நீர்மட்டம் ஓதத்தோடு ஏறி இறங்குகிறது. கடல் ஏறிச் சற்று நேரம் கழித்துக் கிணறும் ஏறும். கடல் வடிந்தால் கிணறும் தாழும். காலையில் பார்த்த மட்டம் மதியம் இருக்காது. ஒரு தீவின் எல்லாக் கிணறுகளும் கடலோடு சேர்ந்து மூச்சு விடுகின்றன!

இப்போது அந்தத் தீவில் ஒரு கழிப்பறைக் குழி வெட்டுங்கள். தரைக்குக் கீழே ஒன்றிரண்டு மீட்டரில் தண்ணீர் தட்டிவிடுகிறது. குழியின் அடிப்பாகம் குடிநீரிலேயே நிற்கிறது. பவள மணலுக்குத் தேக்கி வடிகட்டும் பொறுமை கிடையாது. மலக் கிருமி நேரே இறங்கும். மழை கொட்டி மட்டம் உயர்ந்தால் குழியே நிரம்பும். பத்தடி தள்ளிக் கிணறு, அதன் அருகே பன்றிப் பட்டி, அடுத்த வீட்டின் குழி என்று நெருக்கியடித்துக் கிடக்கும் இடம் அது. 2020 கணக்கெடுப்பின்படி தெற்கு தராவாவில் 63 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். நாட்டின் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் போடும் கணக்கிலோ, மேலே பலகை மூடிய குழிக் கழிப்பறை 'மேம்பட்ட வசதி' என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். தராவாவின் கிணறுகளுக்கு அந்தப் பட்டியலால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

கடற்கரைக்குப் போகிறவர்களை விவரமில்லாதவர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். ஆள் குறைவாக இருந்த காலத்தில், தினம் இரண்டு முறை ஓதம் வந்து கழுவிப்போகும் கரையைவிட நல்ல ஏற்பாடு அந்த மண்ணில் இருந்திருக்க முடியாது. கிணறு தப்பியது. இன்று அதே காயலில்தான் குழந்தைகள் குளிக்கிறார்கள், பெண்கள் சேற்றைக் கிளறிச் சிப்பி பொறுக்குகிறார்கள். இருட்டட்டும் என்று அடக்கிக்கொண்டு காத்திருப்பவர்களும் பெண்கள்தான்.

1977-ல் காலரா வந்தது. அப்போது அது பிரிட்டனின் கீழிருந்த கில்பர்ட் தீவுகள். விடுதலைக்கு இன்னும் இரண்டு ஆண்டு. அந்த அடிக்குப் பிறகு ஆஸ்திரேலிய உதவியோடு பெட்டியோ, பைரிக்கி, பிகெனிபேயு ஆகிய மூன்று இடங்களில் பாதாளச் சாக்கடை போட்டார்கள். அதில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது: கழிப்பறையில் ஊற்றக் கடல்நீர். அதற்கெனத் தனிக் குழாய். ஹாங்காங் பெருநகரம் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் செய்கிறது. இந்த ஏற்பாட்டில் குடிக்கிற தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்ற வேண்டியதில்லை.

ஆனால் உப்பு இரும்பைத் தின்னும். பம்புகள் துருப்பிடித்தன, உதிரிபாகம் கடல் கடந்து வர வேண்டும், பராமரிக்கப் பணமில்லை. கடல்நீர் நின்றது. கழிப்பறை இருந்தும் ஊற்றத் தண்ணீர் இல்லாத வீடுகள் மறுபடி கரையை நாடின. குழாயில் குடிநீர் வருவதே இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஓரிரு மணி நேரம் என்றிருந்த ஊர் அது. அதை எடுத்து யார் கழிப்பறையில் ஊற்றுவார்கள்? 2011-ல் ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடுதான் அந்த மூன்று இடங்களின் சாக்கடையைச் சீரமைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

கட்டித் தருவதற்குக் கொடையாளிகள் கிடைக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் பம்பைத் துடைத்து எண்ணெய் போடும் ஆளுக்குச் சம்பளம் தர எவரும் முன்வருவதில்லை. தராவாவின் கழிப்பறைகளைக் கெடுத்தது இதுதான் என்பது என் முடிவு. புதிதாகக் குழி வெட்ட நிதி கேட்கிறவர்கள், முதலில் அந்தச் சம்பளத்தைக் கணக்கில் எழுதட்டும்.

வெளிப் பணத்தைப் பெரிதாக நம்பாமல், ஊர் கூடிப் பேசித் திறந்தவெளியைக் கைவிட முனைந்த வடக்கு தராவா கிராமங்களைப் பற்றி அடுத்த வாரம்.