மண அழைப்பிதழின் சொல்லமைதி

மணச் செய்தியை ஊரறியச் செய்தல் தமிழர்தம் தொன்மரபாகும். கோவலன் கண்ணகி திருமணத்தை, இருவர்தம் பெற்றோரும் மகளிரை யானைமீதேற்றிப் புகார் நகர்க்கு அறிவித்தமையைச் சிலப்பதிகாரம் கூறும். இன்று அப்பணியை ஆற்றுவது அழைப்பிதழ். அழைப்போர், மணமக்கள், காலம், இடம், வேண்டுகோள் என்னும் ஐந்தும் அதன் உறுப்புக்களாம்.

காலங் கூறுமிடத்துத் தமிழ் வருடப் பெயர் மட்டும் அமையாது; அது 60 ஆண்டுக்கொருமுறை மீள்வது. விகாரி 1959இலும் பிறந்தது, 2019இலும் பிறந்தது. ஆதலின் ஆங்கிலத் திகதியும் உடன்வருதல் வேண்டும்.

பெற்றோருள் தந்தை மறைந்தவழிச் சொற்கிடக்கை பெரிதுங் கருதற்பாலது. "காலஞ்சென்ற" என்னும் பெயரெச்சத்தை முன்வைத்துத் தந்தை தாய் இருவர் பெயரையும் தொடுப்பின், அவ்வெச்சம் இரு பெயரையுந் தழுவி, உயிரோடிருக்கும் தாயையும் இறந்தவராக்கிவிடும். தாயின் பெயரை முன்னும், அவ்வெச்சத்தோடு கூடிய தந்தையின் பெயரைப் பின்னும் வைப்பின் இவ்விடர் நீங்கும்.

கைம்பெண் என்னுங் காரணத்தால் தாயின் பெயரை விடுத்து, உறவினர் பெயரால் அழைப்பாரும் உளர். பெற்று வளர்த்து மணமுடித்து வைப்பவர் அவரே. அழைக்கும் உரிமையும் அவரதே. அவ்வுரிமையை மறைக்கும் அழைப்பிதழ், எத்துணை மங்கலச் சொற்கள் நிரம்பினும் குறையுடைத்தே.