கேமரா பார்க்கிறது, கதவை மூடுவது யார்?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையில் மாம்பலம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கியவர்களுக்கு நெரிசல் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. தண்டவாளத்துக்கு மேற்கே மேற்கு மாம்பலத்தின் ஸ்டேஷன் ரோடு. கிழக்கே ரங்கநாதன் தெரு. மின்சார ரயிலில் வந்திறங்குபவர்கள் கடைவீதிக்குப் போகிறார்கள். இரண்டு கையிலும் பைகளோடு வாங்கி முடித்தவர்கள் எதிரே வருகிறார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மேற்கு மாம்பலத்துக்காரர்கள் வீடு திரும்புகிறார்கள். எல்லாரும் ஒரே படிக்கட்டில்தான் சந்திக்க வேண்டியிருக்கிறது.

ஆண்டுதோறும் பண்டிகைக் காலத்தில் தியாகராய நகரில் காவல்துறை கண்காணிப்புக் கோபுரம் அமைக்கிறது. கூடுதல் சிசிடிவி கேமராக்கள் வருகின்றன, ட்ரோன் பறக்கிறது. குழந்தைகள் தொலைந்தால் கண்டுபிடிக்கக் கையில் பட்டை கட்டுகிறார்கள். ஏ.கே. விஸ்வநாதன் ஆணையராக இருந்த காலத்தில் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் சென்னையின் தெருவெல்லாம் கேமரா பொருத்தப்பட்டது. பழைய குற்றவாளிகளின் முகத்தை அடையாளம் காட்டும் செயலியும் தி.நகர் கூட்டத்துக்குள் பயன்படுத்தப்பட்டது. பர்ஸ் திருட்டையும் சங்கிலிப் பறிப்பையும் கண்டுபிடிக்க இவை உதவுகின்றன, அதில் மறுப்பில்லை. ஆனால் இந்தக் கேமராக்கள் தேடுவதெல்லாம் தனி ஆளை. நெரிசல் சாவு தனி ஆளால் வருவதல்ல. திருடன் ஒருவன்கூட இல்லாத, நல்லவர்கள் மட்டுமே நிறைந்த கூட்டத்திலும் அது வரும்.

வெகுதூரம் போக வேண்டாம். மேற்கு மாம்பலத்திலிருந்து அசோக் நகரையும் கே.கே. நகரையும் தாண்டினால் எம்.ஜி.ஆர். நகர். 2005 டிசம்பர் 18 அன்று விடிவதற்கு முன்பு, அங்கே பள்ளி ஒன்றில் வெள்ள நிவாரண டோக்கன் வாங்கக் காத்திருந்தவர்களில் 42 பேர் நெரிசலில் இறந்தார்கள். மழை வந்தது, கூட்டம் வாசலை நோக்கி ஒரே நேரத்தில் நகர்ந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வியாசர்பாடியில் அதே மாதிரி நிவாரணக் கூட்டத்தில் 6 பேர் இறந்திருந்தார்கள். அந்த எச்சரிக்கை யார் கையிலும் ஒரு நடவடிக்கையாக மாறவில்லை. இருபது ஆண்டு கழித்து, 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுசாமிபுரத்தில் நடந்த அரசியல் கூட்டத்தில் 41 உயிர்கள் போயின.

இந்தச் சாவுகள் எப்படி நேர்கின்றன? மிதிபட்டு இறந்தார்கள் என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறோம். உண்மையில் பலர் நின்றபடியே இறக்கிறார்கள். முன்னும் பின்னும் அழுத்தும் உடல்களுக்கு நடுவே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுபோகிறது. இதற்கு ஓட்டமோ பீதியோ தேவையில்லை, இடப்பற்றாக்குறை போதும். ஒரு சதுர மீட்டரை மனதில் நிறுத்திப் பாருங்கள். வீட்டுத் தரையில் பதிக்கும் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் இரண்டு பேர் இருந்தால் தாராளமாக நடக்கலாம். நாலு பேர் என்றால் உரசாமல் நகர முடியாது. ஐந்தைத் தாண்டினால் நம் காலை எங்கே வைப்பது என்று நாம் தீர்மானிக்க முடிவதில்லை. ஆறேழு பேர் ஆகும்போது கூட்டம் தண்ணீரைப் போல நடந்துகொள்கிறது. எங்கோ ஒருவர் தடுமாறினால் அந்தத் தள்ளல் அலையாகப் பரவி, பல மீட்டர் தள்ளி நிற்பவரைத் தூக்கி எறியும்.

பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. முன்னால் நசுங்குபவரின் குரல் பின்னால் கேட்காது. கூட்டத்துக்குள் இருக்கும் எவராலும் கூட்டத்தைப் பார்க்க முடியாது என்பதால்தான் மேலிருந்து பார்க்கும் கண் ஒன்று வேண்டும். கூட்டப் பாதுகாப்புக்குக் கேமரா தேவைப்படுவதன் அடிப்படைக் காரணம் இது.

எந்தக் கேமரா, எங்கே?

முகத்தைப் பிடிக்கும் கேமராவும் கூட்டத்தைக் கணிக்கும் கேமராவும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. முகம் தெரிய வேண்டுமானால் கேமரா தாழ்வாக, ஆளுக்கு எதிராக, குறுகிய வாசலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அந்தக் கோணத்தில் முதல் வரிசைத் தலைகள் பின்வரிசையை மறைத்துவிடும். நூறு பேர் நிற்கும் இடத்தில் இருபது பேர்தான் கணக்கில் வருவார்கள். அடர்த்தியைக் கணிக்க வேண்டுமானால் கேமரா உயரத்தில், கூடுமானவரை செங்குத்தாகக் கீழே பார்க்க வேண்டும். இன்றைய மென்பொருள் அந்தப் படத்தில் தலைகளை எண்ணி, எந்தச் சதுரத்தில் எத்தனை பேர் என்று நிறம் போட்டுக் காட்டிவிடும். நுழைவாயிலில் கோடு ஒன்றைக் கற்பனையாக வரைந்து, உள்ளே போனவர்களிலிருந்து வெளியே வந்தவர்களைக் கழிப்பது இன்னொரு வழி. கதவும் மதிலும் உள்ள அரங்குக்கும் மண்டபத்துக்கும் அது போதும். ரங்கநாதன் தெருவைப் போலப் பல பக்கமும் சந்து திறந்திருக்கும் இடத்தில் அந்தக் கணக்கு தப்பிவிடும்.

நம் ஊருக்கென்று வேறொரு சிக்கலும் உண்டு. தீபாவளி வருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். ஐப்பசி மழை தூறத் தொடங்கினால் நூறு குடைகள் விரியும். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குத் தலைகள் மறைந்துபோகும். கடைகளின் தார்ப்பாய், மேலே தொங்கும் சீரியல் பல்புகளின் கண்கூசும் ஒளி, துணி பேனர்கள் எல்லாம் பார்வையை மறைக்கும். மழை வந்தால் மக்கள் ஒதுங்க இடம் தேடி ஒரே இடத்தில் குவிவார்கள். ஆபத்து கூடும் அதே நிமிடத்தில் கேமராவுக்குப் பார்வை குறைகிறது. வெளிநாட்டு அரங்கில் சோதித்த கருவியை வாங்கிவந்து மாட்டினால் மட்டும் போதாது என்று நான் சொல்வது இதனால்தான். மழை நாளில் இங்கேயே சோதித்துப் பார்க்க வேண்டும்.

கேமராவால் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். 2006 ஜனவரியில் மக்காவுக்கு அருகே ஜமராத் பாலத்தில் ஹஜ் பயணிகள் 300க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அங்கிருந்த கேமராப் பதிவுகளை டிர்க் ஹெல்பிங் என்ற ஆய்வாளரின் குழு அலசியது. சீராக நகர்ந்துகொண்டிருந்த கூட்டம் முதலில் நின்று நின்று நகர்ந்தது. பிறகு எல்லாத் திசையிலும் குலுங்கத் தொடங்கியது. அந்த ‘நின்று நகரும்’ கட்டம் விபத்துக்கு முன்பே திரையில் தெரிந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வில், ஸ்பெயினின் பம்ப்லோனா திருவிழாக் கூட்டத்தைப் பல ஆண்டுகள் படம் பிடித்த பிரெஞ்சு இயற்பியலாளர்கள், நெருக்கம் ஓர் அளவைத் தாண்டியதும் நூற்றுக்கணக்கானவர்கள் தங்களை அறியாமல் சுமார் 18 வினாடிக்கு ஒரு முறை ஒன்றாக ஊசலாடுவதைக் கண்டார்கள். ஜெர்மனியின் டுயிஸ்பர்க் நகரில் 2010இல் 21 பேர் இறந்த இசை விழாப் பதிவிலும் அதே ஊசலாட்டம் இருந்தது. அப்படியானால் கூட்டம் முன்கூட்டியே அடையாளம் காட்டுகிறது. அதைப் பார்த்துக் கருவி மணி அடிக்க முடியும்.

பார்த்தும் நடந்தவை

மணி அடித்தால் மட்டும் யாரும் பிழைப்பதில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் 1989 ஏப்ரல் 15 அன்று நடந்ததைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன்தரும். மைதானத்தின் மூலையில், பார்வையாளர் பகுதி முழுக்கக் கண்ணில் படும் இடத்தில், காவல்துறைக் கட்டுப்பாட்டு அறை இருந்தது. அங்கே சிசிடிவி திரைகளும் இருந்தன. வெளியே நுழைவாயிலில் நெருக்கடி முற்றியது திரையில் தெரிந்தது. அதைத் தணிக்க மதியம் 2.52க்கு பெரிய கதவு ஒன்றைத் திறக்க உத்தரவு போனது. திறந்ததும் உள்ளே வந்த ஆயிரக்கணக்கானவர்கள் நேர் எதிரே தெரிந்த சுரங்க வழியில் போனார்கள். அந்த வழி போய்ச் சேரும் நடு அடைப்புகள் இரண்டும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. பக்கத்து அடைப்புகளில் இடம் இருந்தது. சுரங்க வழியை மூடி, கூட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிட ஒருவரும் உத்தரவிடவில்லை. 3.06 மணிக்கு ஆட்டம் நிறுத்தப்பட்டபோது காலம் கடந்திருந்தது. இறந்தவர்கள் 97 பேர். கேமரா இருந்தது, படம் தெளிவாக இருந்தது, ஆள் இருந்தார்கள். ஒரு கதவைத் திறந்தால் இன்னொரு கதவை மூட வேண்டும் என்ற திட்டம் மட்டும் இல்லை.

2025 ஜனவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் சுமார் 2,700 கேமராக்கள் இருந்தன. அவற்றில் நூற்றுக்கணக்கானவை செயற்கை நுண்ணறிவு கொண்டு கூட்டத்தைக் கணிப்பவை. ஜனவரி 29 அதிகாலை, மௌனி அமாவாசை நீராடலுக்குச் சங்கமக் கரையில் குவிந்தவர்களில் 30 பேர் இறந்ததாக அரசு அறிவித்தது. சியோலின் இதேவோனில் 2022 அக்டோபர் 29 இரவு 159 பேர் இறந்த ஒடுங்கிய சந்திலிருந்து, அன்று மாலை 6.34 மணிக்கே ஒருவர் காவல்துறைக்குப் போன் செய்து ஆபத்தைச் சொல்லியிருந்தார். நெரிசல் உச்சத்துக்குப் போனது இரவு பத்து மணிக்கு மேல். மூன்றரை மணி நேரம் கையில் இருந்தது.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். கேமராவின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்வதை நிறுத்திவிட்டு, கேமராவுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு எதை நிறுத்தும் அதிகாரம் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

மாம்பலத்தில் என்ன செய்யலாம்?

மாம்பலத்தில் அந்தக் கேள்வி கடினமானது. ரயில் நடைமேடையும் நடைமேம்பாலமும் ரயில்வேயின் பொறுப்பு. அங்கே ரயில்வே பாதுகாப்புப் படையும் தமிழக ரயில்வே காவல்துறையும் இருக்கின்றன. தெருவில் கால் வைத்தால் சென்னை மாநகரக் காவல்துறை. நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறக்கப்பட்ட, சுமார் 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை மாநகராட்சி கட்டியது. அந்த நடைபாதை ரங்கநாதன் தெருவின் சுமையை ஓரளவு இறக்கியிருக்கிறது; நல்ல வேலை. ஆனால் கூட்டம் ஒன்றுதான், எல்லைகள் பல. தெரு நிரம்பிவிட்டது என்று காவல்துறைக் கேமராவில் தெரிந்தாலும், நடைமேடையில் இருப்பவர்களைச் சற்று நேரம் நிறுத்தி வைக்க ரயில்வே ஆள்தான் கை நீட்ட வேண்டும்.

படிக்கட்டின் கணக்கைப் பாருங்கள். பிரிட்டனின் விளையாட்டு மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி, ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்குச் சமதளத்தில் 82 பேரும் படிக்கட்டில் 66 பேரும் கடக்கலாம் என்கிறது. மூன்று மீட்டர் அகலப் படிக்கட்டு என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 பேர். ஒரு ரயிலிலிருந்து ஆயிரம் பேர் இறங்கினால் ஐந்து நிமிடம். எதிரே பைகளோடு பாதி அகலத்தில் ஏறுபவர்கள் இருந்தால் பத்து நிமிடம். அதற்குள் எதிர்த்திசை ரயிலும் வந்து நின்றால் நடைமேடையில் ஆள் தேங்கும். 2017 செப்டம்பரில் மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தில் மழைக்கு ஒதுங்கியவர்களும் இறங்கி வந்தவர்களும் சேர்ந்து, ஒடுங்கிய படிக்கட்டில் 23 பேர் இறந்தார்கள். 2025 பிப்ரவரி 15 இரவு புதுடெல்லி ரயில் நிலையத்தில் 18 பேர் இறந்ததும் நடைமேம்பாலப் படிக்கட்டில்தான். எனவே மாம்பலத்தில் ஒரே ஒரு கேமரா வைக்கப் பணம் இருந்தால்கூட, அதை நகைக்கடை வாசலில் அல்ல, அந்தப் படிக்கட்டின் உச்சியில் கீழ்நோக்கி வைக்க வேண்டும்.

பண்டிகை நாட்களில் மூன்று துறையின் ஆட்களும் ஒரே அறையில், ஒரே திரை முன்னால் உட்கார வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று பேர் என்றால் என்ன செய்வது, நாலு என்றால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். எந்தப் பாதை ஒருவழி ஆகும், எந்த வாசலில் கயிறு கட்டப்படும், எந்த ஒலிபெருக்கியில் என்ன சொல்லப்படும் என்பது வரை அதில் இருக்க வேண்டும். எல்லையைத் தொட்டதும் மேலிடத்துக்குப் போன் போட்டு அனுமதி கேட்காமல் உத்தரவிட ஓர் அதிகாரி அங்கேயே இருக்க வேண்டும். நிமிடக் கணக்கில் முற்றும் ஆபத்துக்கு மணிக்கணக்கில் நகரும் கோப்பு உதவாது.

முகம் பற்றி ஒரு வார்த்தை. தலையை எண்ண முகம் தேவையில்லை. உயரத்திலிருந்து பார்க்கும் கேமரா யாரென்று அறியாமலே எத்தனை பேர் என்று சொல்லிவிடும். நெரிசல் பாதுகாப்பு என்ற பெயரில் புடவை வாங்க வந்தவர்களின் முகங்களையெல்லாம் சேகரித்து வைப்பதற்கு நியாயம் இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க விரிவாக இடம் தந்திருப்பதால், இந்த இரண்டு வேலைகளையும் இரண்டு அமைப்பாகப் பிரித்து வைப்பதே நல்லது.

இந்த ஏற்பாடுகள் வரும் வரை, கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடக்கிச் சற்று இடம் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளலை எதிர்க்காதீர்கள், அது தளரும் நேரத்தில் சாய்வாக ஓரம் நோக்கி நகருங்கள். கீழே விழுந்த பையை எடுக்கக் குனியாதீர்கள். நாலு பக்கமும் உடம்பு உரசத் தொடங்கினால் அதுவே வெளியேற வேண்டிய நேரம். அதற்குப் பிறகு வழி கிடைப்பது அரிது.

மேற்கு மாம்பலத்தின் குடியிருப்போர் நலச் சங்கங்களும் வணிகர் சங்கத்தினரும் அடுத்த பண்டிகைக்கு முன்பே, வார்டு உறுப்பினரிடமும் ரயில்வேயிடமும் காவல்துறையிடமும் எழுத்தில் கேட்க வேண்டும்: மாம்பலம் நடைமேம்பாலத்தில் கூட்டத்தை எண்ணும் கேமரா எங்கே இருக்கிறது? எத்தனை பேர் ஆனால் வாசல் மூடப்படும்? மூடச் சொல்லும் அதிகாரி யார்?