பாதியில் நிற்கும் வீட்டுக்குப் பொறுப்புச் சொல்வது யார்?

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பின்னர் இந்த நாடு ஐந்து ஜனாதிபதிகளைக் கண்டுவிட்டது. ஆட்சி மாறும்போதெல்லாம் வடக்கு, கிழக்கில் வீட்டுத்திட்டங்களின் பெயர் மாறியது. வழங்கப்படும் தொகை மாறியது. அடிக்கல்லில் பொறிக்கப்பட்ட அமைச்சரின் பெயரும் மாறியது. ஆனாலும் வன்னியிலும் மன்னாரிலும் படுவான்கரையிலும் தகரக் கொட்டில்களில் வாழும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. சில வளவுகளில் அந்தக் கொட்டிலுக்குப் பக்கத்திலேயே யன்னல் மட்டத்தோடு நின்றுபோன சீமெந்துச் சுவர்கள் பாசி பிடித்து நிற்கின்றன.

இந்தக் குடும்பங்களை வீடு கிடைக்காதவர்கள் என்று சொல்ல முடியாது. பயனாளிகள் பட்டியலில் அவர்களுடைய பெயர் இருக்கிறது. வீடு கிடைத்தவர்கள் என்றும் சொல்ல முடியாது, கூரை இல்லை. புதிய திட்டம் ஒன்று வரும்போது, "உங்களுக்கு ஏற்கனவே வீடு வழங்கப்பட்டுவிட்டது" என்ற பதிலைக் கேட்கும் ஆபத்தும் இவர்களுக்கே அதிகம்.

ஏன் முடியவில்லை என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில் "நிதி இல்லை" என்பதுதான். அது உண்மையின் ஒரு பகுதி. மறுபகுதி பொறுப்புக்கூறல் பற்றியது. அரச வீட்டுத்திட்டங்களில் வீட்டை அறிவிப்பவர் ஒருவர், பயனாளியைத் தெரிவுசெய்பவர் வேறொருவர், பணத்தை விடுவிப்பவர் இன்னொருவர். இடையில் பணம் நின்றுபோனால் பதில் சொல்லவேண்டியவர் யார் என்பது மட்டும் தெளிவாக இல்லை. அந்த நட்டத்தைச் சுமப்பது அதைச் சுமக்கச் சக்தியற்ற குடும்பம்தான்.

ஒரு வீடு கடந்து செல்லும் மேசைகள்

பொதுவாக ஒரு வீட்டுத்திட்டம் இப்படித்தான் நடக்கிறது. கிராம அலுவலர் வீடற்ற குடும்பங்களின் விபரங்களைத் திரட்டுகிறார். பிரதேச செயலகத்தில் புள்ளி அடிப்படையில் முன்னுரிமைப் பட்டியல் தயாராகிறது. அது மாவட்டச் செயலகம் ஊடாக அமைச்சுக்கோ, 1979ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்ட தேசிய வீடமைப்பு அதிகாரசபைக்கோ போகிறது. பணம் திறைசேரியிலிருந்து வரவேண்டும். அத்திவாரம், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டமும் முடிந்ததைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்து உறுதிப்படுத்திய பின்னர், அடுத்த கட்டக் கொடுப்பனவு வங்கிக் கணக்குக்கு வரவேண்டும்.

இந்தச் சங்கிலியின் எந்த வளையம் அறுந்தாலும் வேலை நின்றுவிடும். அப்போது மக்கள் போய்க் கேட்பது தங்களுக்குத் தெரிந்த முகத்திடம், அதாவது கிராம அலுவலரிடமும் பிரதேச செயலாளரிடமும். அவர்களிடம் நிதியும் இல்லை, நிதியை விடுவிக்கும் அதிகாரமும் இல்லை. "மேலிடத்துக்கு அறிவித்துவிட்டோம்" என்பதற்கு மேல் அவர்களால் சொல்ல முடிவதில்லை. நிதியை நிறுத்தத் தீர்மானித்தவர் கொழும்பில் இருக்கிறார். அவரை எந்தப் பயனாளியும் சந்திப்பதில்லை.

இன்னொரு சமனின்மையும் உண்டு. பயனாளி எப்போது அத்திவாரத்தை முடிக்கவேண்டும் என்று சொல்லப்படுகிறது. முடித்த பின்னர் எத்தனை நாட்களுக்குள் பணம் வரும் என்பதற்கு அதேயளவு உறுதியான வாக்கு கொடுக்கப்படுவதில்லை. ஆனால், பயனாளி அதற்குள் கொட்டிலைப் பிரித்திருப்பார். கடையில் கடனுக்குச் சீமெந்தும் கம்பியும் எடுத்திருப்பார். நகையை அடகு வைத்து மேசனுக்குக் கூலி கொடுத்திருப்பார். அரசு ஒரு கோப்பை மூடிவைக்கும்போது அந்தக் கடன் மூடப்படுவதில்லை.

மூன்று திட்டங்கள் தந்த பாடங்கள்

முதலாவது, இந்திய வீட்டுத்திட்டம். 2010இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளில் பெரும்பகுதி வடக்கு, கிழக்கிலும் ஒரு பகுதி மலையகத்திலும் கட்டப்பட்டது. 2012 ஒக்டோபரில் ஆரம்பித்த இரண்டாம் கட்டத்தில் புதிய வீடொன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வழங்கப்பட்டது. வீட்டு உரிமையாளரே நின்று கட்டுவிக்கும் முறை இது. பணம் கட்டம் கட்டமாக நேரடியாக வங்கிக் கணக்குக்கு வந்தது. ஐ.நா. வதிவிட அமைப்பு, செஞ்சிலுவை அமைப்புகள், தேசிய வீடமைப்பு அதிகாரசபை போன்றவை களத்தில் தொழில்நுட்ப உதவியை வழங்கின. இந்தத் திட்டத்தில் மக்களின் முறைப்பாடு பணம் போதவில்லை என்பதே. மணல், மரம், கூலி எல்லாவற்றின் விலையும் ஏற, பலர் கடன்பட்டே வீட்டை முடித்தார்கள். குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கைக்கும் புள்ளி வழங்கப்பட்டதால் தனித்து வாழ்வோரும் இருவர் மட்டுமுள்ள குடும்பங்களும் பின்னுக்குத் தள்ளப்பட்டதாகவும் குறை கூறப்பட்டது. ஆனால், யார் எதற்குப் பொறுப்பு என்பது ஓரளவு தெளிவாக இருந்தது. அதனால்தான் பெரும்பாலான வீடுகள் முடிந்தன.

இரண்டாவது, 65,000 பொருத்து வீடுகள். நல்லாட்சிக் காலத்தில், மீள்குடியேற்ற அமைச்சராக டி.எம். சுவாமிநாதன் இருந்தபோது, ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தின் உருக்கு வீடுகளை வடக்கு, கிழக்கில் அமைக்கும் யோசனை வந்தது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அந்தப் பணத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்வீடுகளைக் கட்டலாமே என்று பொறியியலாளர்களும் சிவில் சமூகத்தினரும் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்களும் கேட்டார்கள். எமது வெயிலுக்கு உருக்கு வீடு பொருந்துமா, பழுதானால் ஊர் மேசன் திருத்த முடியுமா, பிள்ளைகள் வளர்ந்த பின் ஓர் அறையைக் கூட்டிக் கட்ட முடியுமா என்று மக்கள் கேட்டார்கள். 65,000 என்ற திட்டம் கைவிடப்பட்டது. 2018இல் சீன நிறுவனம் ஒன்றிடம் வழங்கப்பட்ட 40,000 வீடுகளுக்கான திட்டமும் இதேபோல, மக்கள் கல்வீட்டையே கேட்டதால் சிக்கலுக்குள்ளானது. அந்த ஆண்டு ஒக்டோபரில் அதற்குப் பதிலாக 28,000 வீடுகளுக்கான வேறொரு யோசனையை அமைச்சரவை எடுத்துக்கொண்டது. தவறான திட்டத்தை மக்கள் தடுத்து நிறுத்தியது ஒரு வெற்றிதான். ஆனால், முதலிலேயே மக்களிடம் கேட்டிருந்தால் அந்த ஆண்டுகள் வீணாகியிருக்காது. வீணான காலத்துக்கு எவரும் பொறுப்புக் கூறவில்லை.

மூன்றாவது, மாதிரிக் கிராமங்கள். சஜித் பிரேமதாச வீடமைப்பு அமைச்சராக இருந்த காலத்தில் தேசிய வீடமைப்பு அதிகாரசபை ஊடாக நாடு முழுவதும் வீடுகள் ஆரம்பிக்கப்பட்டன. வடக்கு, கிழக்கிலும் பல குடும்பங்கள் தெரிவாகி, முதற்கட்டக் கொடுப்பனவுகளைப் பெற்று வேலையைத் தொடங்கின. 2019 நவம்பரில் ஆட்சி மாறியது, கொடுப்பனவுகள் நின்றன. பாதிக்கப்பட்டவர்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். பழைய அரசு புதிய அரசையும், புதிய அரசு பழைய அரசையும் குற்றஞ்சாட்டின. அதேவேளை, 14,022 கிராம அலுவலர் பிரிவுகளிலும் பிரிவுக்கு ஒரு வீடு என்ற புதிய திட்டம் தொடங்கியது. பாதியில் நிற்கும் வீடுகளை முடிக்காமலேயே புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

பின்னர் பொருளாதார நெருக்கடி வந்தது. 2021இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,000 ரூபாவுக்கு விற்ற ஒரு மூடை சீமெந்து 2022இல் 3,000 ரூபாவைத் தாண்டியது. பழைய தொகையில் மிகுதிக் கொடுப்பனவு வந்தாலும் அதைக்கொண்டு வீட்டை முடிக்க முடியாது என்ற நிலை உருவானது. பணம் தாமதமாவதும் பணம் குறைவதும் ஒன்றே என்பதை அந்த ஆண்டு காட்டியது.

பயனாளிகள் அளவுக்கு மீறிப் பெரிய வீட்டைத் திட்டமிட்டதால்தான் முடிக்க முடியவில்லை என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், ஒரே நேரத்தில், ஒரே கட்டத்தில், பல மாவட்டங்களில் வீடுகள் நின்றுபோனால் அதற்குக் காரணம் பயனாளியின் வரைபடம் அல்ல.

சட்டம் எங்கே நிற்கிறது?

இலங்கையின் அரசியலமைப்பில் வீட்டுக்கான உரிமை அடிப்படை உரிமையாக இல்லை. 27ஆம் உறுப்புரையில், போதிய உணவு, உடை, வீடு உள்ளிட்ட வாழ்க்கைத் தரத்தை எல்லாப் பிரஜைகளுக்கும் உறுதிசெய்வது அரசின் இலக்காகச் சொல்லப்பட்டுள்ளது. 29ஆம் உறுப்புரையோ அதை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது என்கிறது. 1980இல் இலங்கை இணைந்துகொண்ட பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை போதிய வீட்டுக்கான உரிமையை ஏற்கிறது. போதிய வீடு என்பது கூரையும் சுவரும் மட்டுமல்ல. காணி உரித்தின் பாதுகாப்பு, வாழத்தக்க நிலை, தாங்கக்கூடிய செலவு, பண்பாட்டுப் பொருத்தம் என்பனவும் அதில் அடங்கும் என்று அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 1991இல் விளக்கியது. பொருத்து வீட்டை மறுத்த மக்கள் கேட்டதும் இதையே.

நீதிமன்றத்தில் வலியுறுத்தக்கூடிய உரிமை ஒன்றும் இருக்கிறது. அது 12ஆம் உறுப்புரை தரும் சமத்துவம். ஒரே தகுதியுள்ள இருவரில் ஒருவரை நியாயமான காரணமின்றி விலக்கினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். உயர் நீதிமன்றத்துக்கும் செல்லலாம். உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் செல்லவேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

13ஆவது திருத்தத்தின்படி மாகாண மட்டத்திலான வீடமைப்பு மாகாண சபைக்குரிய விடயம். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரிலும் வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரிலும் முடிந்தன. அதன் பின்னர் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை. மக்களுக்கு அருகிலிருந்து கேள்வி கேட்டிருக்கவேண்டிய தெரிவுசெய்யப்பட்ட சபைகள் இல்லாமலேயே, மேலே சொன்ன கொடுப்பனவு நிறுத்தமும் விலையேற்றமும் நடந்து முடிந்தன.

கேட்கவேண்டிய கேள்விகள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதியிலிருந்து நடைமுறையில் உள்ளது. அதன் 9ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கும், வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட கருத்திட்டமானால், அது தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே பொதுமக்களுக்கும் அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் தகவல்களைத் தெரிவிக்கவேண்டியது அமைச்சரின் கடமை. அவசரத் திட்டங்களுக்கு மட்டுமே இதில் தளர்வு உண்டு. எந்த வீட்டுத்திட்டமும் இந்தத் தொகைக்குள் அடங்கிவிடும்.

பாதியில் நிற்கும் வீட்டுக்காரர் பிரதேச செயலகத்துக்கும் தேசிய வீடமைப்பு அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். தமிழில் எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன் பணம் தரவில்லை?" என்று கேட்பதைவிட ஆவணங்களைக் கேட்பதே பயன் தரும்:

- எனது பெயரில் அங்கீகரிக்கப்பட்ட மொத்தத் தொகை எவ்வளவு? அதில் மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு?
- இதுவரை விடுவிக்கப்பட்ட ஒவ்வொரு கொடுப்பனவின் திகதியும் தொகையும் என்ன? கடனாயின் வட்டி கணக்கிடப்படுகிறதா?
- தொழில்நுட்ப உத்தியோகத்தர் எனது வீடு பற்றிக் கொடுத்த அறிக்கைகளின் பிரதி.
- இந்தத் திட்டத்துக்கு ஆண்டுதோறும் மாவட்டத்துக்குக் கிடைத்த நிதியும் செலவான நிதியும் எவ்வளவு?
- கொடுப்பனவை நிறுத்தும்படியோ தொடரும்படியோ வந்த சுற்றறிக்கை அல்லது கடிதத்தின் பிரதி.
- எமது கிராம அலுவலர் பிரிவின் முன்னுரிமைப் பட்டியலும் புள்ளி வழங்கிய முறையும்.

விண்ணப்பத்தைக் கையளித்தால் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் தீர்வில்லையெனில் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் செல்லலாம். ஒரு கிராமத்தில் ஒரே நிலையில் உள்ளவர்கள் ஒரே நாளில் விண்ணப்பித்தால் அதற்குத் தனி வலு உண்டு.

இந்தக் கடிதம் உடனே பணத்தைக் கொண்டுவராது. ஆனால், சங்கிலியின் எந்த மேசையில் கோப்பு நிற்கிறது என்பதை எழுத்தில் காட்டும். அந்த எழுத்தோடு பாராளுமன்ற உறுப்பினரிடம் போனால் அவர் சபையில் கேள்வி எழுப்பலாம். தேசிய வீடமைப்பு அதிகாரசபை கணக்காய்வாளர் நாயகத்தின் கணக்காய்வுக்கு உட்பட்டது. பாராளுமன்றத்தின் கோப் குழுவுக்கும் பதில் சொல்லவேண்டியது. எமது பிரதிநிதிகள் அந்த வழிகளைப் பயன்படுத்தினார்களா என்பதையும் நாம் கேட்கவேண்டும்.

அரசு செய்யவேண்டியது

புதிய திட்டத்தை அறிவிக்கும் முன்னர், பாதியில் நிற்கும் எல்லா வீடுகளையும் எந்த ஆட்சியில் தொடங்கியது என்று பாராமல் ஒரே பதிவேட்டில் கொண்டுவந்து மாவட்ட ரீதியாக வெளியிடவேண்டும். அவற்றை முடிப்பதற்கான தொகை இன்றைய விலையில் கணக்கிடப்படவேண்டும். ஒரு கட்டம் உறுதிப்படுத்தப்பட்டால் எத்தனை நாட்களுக்குள் பணம் வரும், தாமதித்தால் பெறுமதி எப்படித் திருத்தப்படும் என்பது பயனாளியின் கையிலுள்ள உடன்படிக்கையில் எழுதப்படவேண்டும். காணி ஆவணம் இல்லாததால் விலக்கப்பட்ட குடும்பங்களுக்குக் காணிப் பிரச்சினையும் வீட்டுப் பிரச்சினையும் ஒன்றாகவே தீர்க்கப்படவேண்டும்.

அமைச்சர்கள் மாறுவார்கள், அரசாங்கங்களும் மாறும். ஆனால், அத்திவாரம் போட்ட குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்தது ஒரு கட்சியல்ல, அரசு. முன்னைய ஆட்சி வாங்கிய வெளிநாட்டுக் கடனை அடுத்த ஆட்சி பொறுப்பேற்கிறது என்றால், முன்னைய ஆட்சி தன் பிரஜைகளுக்குக் கொடுத்த வாக்கையும் பொறுப்பேற்கத்தான் வேண்டும்.